மருந்துக் கேனும் பேத்தியின் கீரையும்

மகள் கொழும்பிலிருந்து வந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. அன்று வந்ததும் வராததுமாகப் பிள்ளையின் துணியை அலசப் பின்பக்கம் போனவள், அங்கிருந்தே கத்தினாள்.

"அப்பா, இந்தக் கேன்லயா செடிக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

"பின்ன? இருபது வருசமா அதுலதான் ஊத்துறேன்."

அது புல்லைக் கருக்க அடிக்கிற புல்லு மருந்து வந்த கேன். றப்பர் மலையில் மருந்தடித்து முடிந்தால் காலிக் கேனைத் தோட்டத்து ஸ்டோரில் எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். சாம்பல் போட்டு, சுடுதண்ணி ஊற்றிக் கழுவி, வாயை அகலமாக வெட்டிக்கொண்டால் சரி. தெஹியோவிட்டைப் பக்கம் எங்கள் லயத்து வரிசையில் அது இல்லாத வீடு கிடையாது.

"நீயும் அந்தக் கீரையத் தின்னுதானே வளந்த?" என்று எகிறினேன்.

"அப்ப நமக்குத் தெரியாதுப்பா. இப்பத் தெரியுதே."

பேத்திக்கென்று விடிகாலையிலேயே பறித்து மசித்து வைத்திருந்த கீரை சட்டியில் அப்படியே கிடந்தது. பிள்ளைக்கு பிஸ்கட்டைப் பாலில் கரைத்துக் கொடுத்தாள். அவள் பருப்பும் சோறும் சாப்பிட்டாள். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் கட்டிவைத்த கத்தரிக்காய்ப் பையை, "அடுத்த தடவை பார்ப்போம்பா" என்று என் கையிலேயே விட்டுவிட்டாள். பஸ் போன பிறகும் பையோடு நின்றேன். வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. கேனை எட்டி உதைத்ததில் என் கால்தான் வலித்தது.

மறுநாள் விவசாய ஆபீஸ் மாத்தயாவிடம் போய்க் கேட்டேன். மருந்து பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும், எத்தனை தரம் கழுவினாலும் போகாது என்றார். பிறகு விரலை ஆட்டி, "பொடி லமயாட்ட தென்ட எப்பா" என்றார். சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று. சிங்களத்தில் கேட்கும்போது இன்னும் சுருக்கென்றது. பெரியவர்களுக்கும் அது ஆகாது என்றார். அது என் காதில் அவ்வளவாக ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து, இனி யாரும் எடுத்துப் புழங்காதபடி கேனில் ஆணியடித்து ஓட்டை போட்டேன். காய்த்து நின்ற கத்தரியைப் பிடுங்கினேன். பழைய பாத்தியை அப்படியே விட்டுவிட்டு, முன்பக்கம் வேறு மண் சுமந்து கொட்டி, புது வாளி வாங்கி, கீரை விதைத்தேன்.

"புது மண்ணு, புது வாளிம்மா" என்று போனில் சொன்னேன்.

"சரிப்பா, லீவு கிடைச்சா வாறோம்."

அந்தக் கீரையில் நான் கை வைப்பதில்லை. எனக்கு வேண்டியதைக் கடையில் வாங்குகிறேன். அதில் என்ன மருந்தடித்தார்களோ, யார் கண்டது? பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"வாசல்ல கீரைய வச்சிக்கிட்டு கடைக்குப் போறீங்களே, அண்ணே!"

"அது பிள்ளைக்கு" என்றேன்.

முதல் தடவை விதைத்தது முற்றிப் பூத்துவிட்டது. இரண்டாவதும் அப்படித்தான். பேத்தி இப்போது நடக்கிறாளாம், போனில் மகள் சொன்னாள். இன்று காலை மூன்றாம் முறையாக விதை தூவினேன். அவர்கள் வரும் அன்று கீரை இளசாக இருக்க வேண்டுமே.