மீனில் இருந்த வேர்

"1967, வக்குவா. மீனில் வேர் என்கிறார் குளத்துக்காரர். பொருள் விளங்கவில்லை." மதராஸிலிருந்து இந்தத் தீவின் மீன் ஆய்வகத்துக்கு, வக்குவாவுக்கு, வந்த நான் நாள் குறிக்காமல் எழுதிவைத்த ஒரே குறிப்பு இது.

குளத்துக்காரர் சாமினாடன், ஃப்ளாக் பக்கத்துக் கடலோரத்தில் கல்லணையால் கடல்நீரை மறித்து மடவை மீன் வளர்ப்பவர். நெற்றியில் திருநீறு, வாயில் தீவின் பேச்சுமொழியான கிரியோல். "மிஸ்யே, ப்வாசோன் எனா லெவேர்" என்றார். ஐயா, மீனில் புழு இருக்கிறது என்று பொருள்; லெவேர் என்றால் புழு. என் காதில் விழுந்தது வேர் மட்டும்.

"மீனுக்கு ஏது வேர்?" என்றேன்.

"பாவம், இவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்!" என்று மனைவியிடம் கிரியோலில் சொல்லிச் சிரித்தார்; அவ்வளவு எனக்குப் புரிந்தது.

சிரிப்பு நீடிக்கவில்லை. மீன்களின் சதையெங்கும் புழுக்கூடுகள். வரும் வெள்ளிக்கிழமை குளத்தை வடித்துச் சுண்ணாம்பு போட உத்தரவாகிவிட்டது. குளத்து நத்தைகளிலும் ஒரு புழு இருந்தது. மீன்புழுவின் இளம்பருவம் அதுவே என்று அதற்குள் நான் காட்டினால், நத்தைகளை அகற்றினால் போதும், மீன்கள் பிழைக்கும் என்று என் மேலதிகாரி ஒப்புக்கொண்டார்.

கண்ணுக்கு அவை இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே ஆய்வகத்து முயலை நம்பினேன். சில வாரங்களாக மீன்புழுச் சாற்றை அதற்கு ஊசியில் செலுத்தி வந்ததால், அப்புழுவை இனங்காணும் எதிர்ப்பொருள் அதன் இரத்தத்தில் ஊறியிருந்தது. கடற்பாசியில் காய்ச்சிய அகார் கூழில் குழிகள் வெட்டி, நடுவில் முயல் இரத்தத்தின் தெளிநீரான சீரத்தையும் சுற்றிலும் மீன்புழு, நத்தைப்புழு, புழுவில்லா நத்தை ஆகியவற்றின் சாறுகளையும் விட்டேன். இனங்கண்டால் இடையில் வெண்கோடு விழும்; இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் வேறு புழு, கலந்தால் ஒரே புழு.

"லாப்பேன் கொன் மோ ப்வாசோன்?" என்றார் சாமினாடன். முயலுக்குத் தன் மீனைத் தெரியுமா என்று கேட்கிறார்!

மதராஸ் வெக்கையில் மறுநாளே கோடு தெரிந்துவிடும். வக்குவாவின் குளிர்த் தூறலில் எல்லாம் மெல்ல ஊர்ந்தது. வியாழன் காலை மீன்புழுவுக்கு மட்டும் கோடு. பஸ் பிடித்து வந்த சாமினாடன் நனைந்த மேற்சட்டையோடு ஆய்வக வாசலில் நின்றார். மாலையில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். நத்தைப்புழுக் குழியின் பக்கமும் மயிரிழையாய் ஒரு கோடு. வளைந்துபோய், மற்றதை வெட்டாமல் அதனோடு கலந்திருந்தது. புழுவில்லா நத்தைக்கு ஒன்றுமில்லை.

"மெம் லெவேர்?" அதே புழுவா என்று கேட்டார் சாமினாடன்.

"அதே வேர்தான்" என்றேன். அவர் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மதகு திறக்கவில்லை. நத்தை பொறுக்கியபடியே, "தீவுக்குச் சுதந்திரம் வந்தா மிஸ்யே இருப்பாரா, போவாரா?" என்று கிரியோலில் கேட்டார். மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். மனதில் இருந்ததோ, எந்தக் குழியிலும் சேராமல் நடுவில் நின்ற அந்தக் கோடு.

நத்தையில் பிறந்து மீனில் காத்திருக்கும் அந்தப் புழு எங்கே முதிர்கிறது? குளத்துக்கு வந்துபோகும் கொக்கின் குடலில் என்பது என் ஊகம். இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.