இடப்பக்கச் சிறகு

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பல்செட் செய்யும் தேவநேசன் அண்ணாச்சி, எந்த வேலையையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. நாற்பது வருடமாகத் தளவாய்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் புண்ணியம். யாருக்குக் கட்டிய பல் என்று கேட்டால் மட்டும் மூச்சுவிட மாட்டார்.

நான் மாரிசெல்வி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி ஆசிரியை. எதற்கும் கடுகு மாதிரி பொரிகிறவள்.

இமாச்சல மலையில் நான் எடுத்த கல்லில் ஓர் இலை பதிந்திருந்தது. மா, முந்திரி குடும்பத்துச் சுமாக் மரம். கோடி வருடத்துக்கு முன்பே அழிந்துபோன, இதுவரை யாரும் பதிவு செய்யாத புது இனம் என்று ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். ‘அடிக்காம்பு கல்லுக்குள் மறைந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் காட்டாவிட்டால் ஏற்க மாட்டோம்’ என்று பதில் வந்தது. வேறு கல்லுக்கும் வழியில்லை. அந்தச் சரிவையே ரோட்டுக்காக வெட்டிவிட்டார்கள். ஒன்பது வருட உழைப்பு உள்ளங்கை அகலக் கல்லில் இருந்தது.

சுத்தியல் பட்டால் போச்சு. அண்ணாச்சி பல்செட்டைத் தேய்த்துச் சீராக்கும் மெஷினைத்தான் நம்பினேன்.

அண்ணாச்சி ஃபேனை நிறுத்தினார். “செத்த நேரம் பேசாதீங்க டீச்சர்.”

மூன்று நாள் தேய்த்தார். கடைசி நாளில் காம்பு தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“அது அழுக்கு. தேய்ச்சிருங்க.”

“சத்தம் மாறுதே டீச்சர். வேண்டாமே.”

“தேயுங்கன்னா தேயுங்க! நாளைக்குப் போட்டோ அனுப்பணும்.”

இடப்பக்கத்தைத் தேய்த்தார். வலப்பக்கம் வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டார்.

“இனி மாட்டேன்.”

“யாரு படிச்சது, நீங்களா நானா?” கத்தியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “நீங்கதான். ஆனா கல்லு ஒரே சத்தந்தான் போடும். இது கல்லு இல்ல. வந்து பாருங்க.”

லென்ஸை வைத்தேன். காம்பை ஒட்டிச் சிறகு மாதிரி மெல்லிய இலைப்பட்டை ஒன்று ஓடியது, நரம்புகளோடு. சில சுமாக் மரங்களில் காம்பின் இருபுறமும் இப்படி உண்டு. இவ்வளவு அகலமாக எதிலும் இல்லை. புது இனம் என்பதற்கு இதுவே சாட்சி. அடிப் பாவி மாரிசெல்வி, இதையா தேய்க்கச் சொன்னாய்! இடப்பக்கம் மேசையில் தூளாகக் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வலப்பக்கம் காப்பாற்றியது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். இனத்துக்கு அவர் பெயரையே வைத்தேன். அச்சுக்குப் போகுமுன் திருத்துவதற்கு வந்த தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“செத்த மரத்துக்கா எம் பேரு?” என்று சிரித்தவர், படத்தில் விரலை வைத்தார். “இந்தப் பக்கம் ஏன் வெறும் புள்ளிக்கோடு?”

நான் எழுதியிருந்த வரியை வாசித்தேன். “கல்லைத் தயாரிக்கையில் சேதமானது.”

சிரிப்பு நின்றது. “தயாரிச்சது நாந்தான. சரி, எங் கைத் தப்புன்னே இருக்கட்டும் டீச்சர். உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது.”

அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் மேசையிலேயே தாளை விரித்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: தேய்த்தவர் வேண்டாம் என்றார். தேய்க்கச் சொன்னது நான்.