கட்டிலுக்கு அடியில் ஒரு பாய்

நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று என் மேஜையில் தீர்க்கப்படாத காகிதம் ஒன்றுகூட இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சொல்லிக்கொள்ள வேறு பெருமை இல்லை. எந்த மனுவை யாருக்கு எழுத வேண்டும், யார் வழியாக அனுப்ப வேண்டும், எத்தனை நாள் கழித்து ஞாபகமூட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் எழுதிய மனுக்களிலேயே மிகச் சுத்தமானது ஒன்று உண்டு. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, பத்திகளுக்கு வரிசை எண் போட்டது. அந்த மனுவினால் என் மகளின் கட்டிலடியில் இருந்த அவள் அம்மா வெளியே அனுப்பப்பட்டாள்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. நான் கோயமுத்தூர் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. சொந்த ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஏழு வயது. ஒருநாள் விளையாடிவிட்டு வந்தவள் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். முழங்கால் வலிக்கிறது என்றாள். எங்கேயோ விழுந்திருப்பாள் என்று ஒரு மாதம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியின் சூப்பரிண்டெண்டான பெரிய டாக்டர் முழங்காலைத் தொடவே இல்லை. இடுப்பை அழுத்தினார். குழந்தை அலறினாள். இடுப்பு மூட்டில் காசம் என்றார். காசம் நெஞ்சில்தான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எலும்புக்கும் அது போகும் என்பது என் படிப்பில் இல்லை.

இப்போது அதற்கு ஊசி இருக்கிறதாம். அன்று இருந்த மருந்து படுக்கையும் வெயிலும் மீன் எண்ணெயும்தான். காலில் பட்டை ஒட்டி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிறு சக்கரத்தின் மேல் அதை ஓட்டி, முனையில் மணல் பையைத் தொங்கவிட்டார்கள். பை காலை இழுத்தபடியே இருக்கும். கால்மாட்டுக் கட்டைகளுக்குக் கீழே செங்கல் வைத்துக் கட்டிலைச் சற்றுத் தூக்கியிருந்தார்கள்.

"ஒரு வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்," என்றார் டாக்டர். "மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். உட்காரக் கூடாது, புரளக் கூடாது. புரண்டால் மூட்டு கோணலாகக் கூடிவிடும். பிறகு ஆயுசுக்கும் கோணல் நடைதான்."

ஏழு வயதுக் குழந்தையை ஒரு வருஷம் அசையாமல் படுக்க வைப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைச் செய்தது என் மனைவி. ஊரிலிருந்து கொண்டுவந்த கைக்கண்ணாடி ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்தாள். மல்லாந்தபடியே அதைப் பிடித்துக்கொண்டு வார்டு முழுவதையும் அவள் பார்த்தாள்: வெளியே வேப்பமரம், அடுத்த கட்டில் பிள்ளை, வாசல். நான் உள்ளே நுழையும்போது தலையைத் திருப்பமாட்டாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணாடியிலேயே சிரிப்பாள்.

ஆண்களுக்குப் பார்வை நேரம் மாலை நாலிலிருந்து ஆறு. கச்சேரி ஐந்துக்கு முடியும். வேகமாக நடந்தால் எனக்கு நாற்பது நிமிஷம் மிஞ்சும். பெண்களுக்கும் அதே நேரம்தான். அங்கேயே தங்க யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் என் மனைவி தங்கினாள்.

அதற்குக் காரணம் ஹெட் நர்ஸம்மா. கிறிஸ்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் பக்கத்து ஊர் மானாவாரிக் காடுகளில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் காடுகளில் பாதி என் மாமனாருடையது. முதல் நாள் ஊரைக் கேட்டார், என் மனைவி சொன்னாள். பிறகு அவர், "அம்மணி, பாய் இருந்தா கட்டிலுக்கு அடியில சுருட்டி வெச்சுக்கோங்க. டாக்டர் வாரப்ப மட்டும் வெளியில வேப்பமரத்துக்கிட்ட போயி நின்னுக்கோங்க," என்றார். அவ்வளவுதான் ஏற்பாடு.

மூன்று மாதம் அது நடந்தது. காலையில் டாக்டர் வரும்போது வராந்தாவின் அந்தக் கோடியிலேயே தொண்டையைச் செருமுவார். ஆரோக்கியமான மனிதர், வேறெங்கும் செருமமாட்டார். என் மனைவி எழுந்து பாயை உள்ளே தள்ளிவிட்டு மரத்தடிக்குப் போவாள். அவர் பார்த்து முடித்துப் போனதும் திரும்பி வருவாள். குழந்தை ராகிக் களியை மல்லாந்தபடியே தின்னப் பழகினாள். புரளத் தோன்றும்போதெல்லாம், "அம்மா, கையைக் குடுங்க," என்பாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை மேலே வரும்.

இதை அப்படியே விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. என் மனைவி ஓர் ஆதாரமும் இல்லாமல் அரசாங்கக் கட்டடத்தில் குடியிருக்கிறாள் என்ற நினைப்பு என்னை அரித்தது. நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்தால்? புதிதாக வருகிறவர் கேட்டால்? வாய்வார்த்தையை நம்பி ஒரு வருஷத்தை ஓட்டுவது படித்தவன் செய்கிற காரியமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். குழந்தையின் நிலை, தாய் தற்போது உடனிருந்து வருவது, அதனால் விளைந்த நன்மை, ஆகவே இதைத் தொடர எழுத்துமூலம் அனுமதிக்கும்படி கனம் சூப்பரிண்டெண்ட் அவர்களைப் பிரார்த்திப்பது. மனைவியிடம் சொல்லவில்லை. உத்தரவைக் கையில் கொடுத்து அவளை ஆச்சரியப்படுத்த நினைத்தேன்.

ஆச்சரியப்பட்டாள்.

பதில் நாலே நாளில் வந்தது. என் உத்தியோக காலம் முழுவதிலும் அரசாங்கத்தில் எந்தக் காகிதமும் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தாய் தவிர யாரும் வார்டில் தங்க விதியில்லை. தற்போது தங்கியிருப்பதாக மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பவர் உடனே வெளியேற வேண்டும். இதுவரை தங்கியது எவ்வாறு என்று ஹெட் நர்ஸ் விளக்கம் தர வேண்டும்.

அன்று மாலை போனபோது என் மனைவி வேப்பமரத்தடியில் பாயோடு நின்றிருந்தாள்.

"என்னங்க எழுதிப்போட்டீங்க?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சொன்னேன். "அவரு தெனமும் செருமறதச் சொன்னனுங்களே, அது உங்களுக்குக் காதுல உழுகலீங்களா?" என்றாள்.

விழுந்தது. செருமலுக்கு நம்பர் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்பதால் அதை நான் ஓர் உத்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் குழந்தை பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் கஞ்சியைத் துப்பினாள். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்த நர்ஸம்மா, கயிறு சக்கரத்திலிருந்து விலகி, பை தரையில் கிடந்ததைக் கண்டார். ராத்திரி குழந்தை பக்கவாட்டில் திரும்பிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அம்மாவைத் தேடியிருக்கிறாள். டாக்டர் மறுபடி கட்டினார். இன்னும் இரண்டு தடவை இப்படி ஆனால் இந்த மூன்று மாதமும் வீண் என்றார்.

அன்று நான் போனபோது கண்ணாடி அவள் நெஞ்சின் மேல் குப்புறக் கிடந்தது. நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்தக் காயிதத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்துருங்க," என்றாள்.

"அது முடியாது, அம்மணி. அதுக்கு நம்பர் போட்டுட்டாங்க."

"நம்பரை அழிச்சுப்போட்டா?"

அதற்குரிய தண்டனைப் பிரிவுகூட எனக்குத் தெரியும். "கண்ணு, நீ கஞ்சி குடி," என்றேன். எனக்காக இரண்டு கரண்டி குடித்தாள்.

வெளியே வந்து நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு வந்த காகிதத்துக்கு நல்ல விளக்கம் ஒன்று எழுதித் தருவதாகச் சொன்னேன். அந்த வகையில் நான் கெட்டிக்காரன், யார் மேலும் குற்றம் நிற்காமல் இரண்டு பக்கம் எழுதுவேன்.

"வேண்டாமுங்க. எழுதிக் குடுத்துட்டனுங்க."

"என்ன எழுதினீங்க?"

"நாந்தான் தங்கச் சொன்னேன்னு."

"வேற?"

"வேற என்னங்க இருக்குது?"

ஒரே வரியில் எழுதிய விளக்கத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டாக்டருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்.

வழியைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. வார்டின் இரண்டு ஆயாக்களில் ஒருத்தி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அவள் வருகிறவரை வேறொருத்தியை வைத்துக்கொள்ள நர்ஸம்மாவுக்கு அதிகாரம் உண்டு. ஆயா வார்டிலேயே தங்கலாம், தங்கவும் வேண்டும். மரத்தடியில் காத்திருந்த நாட்களில் அங்கே வந்துபோன பேச்சிலிருந்து இதை என் மனைவி தெரிந்துகொண்டிருந்தாள்.

"நான் செய்யறனுங்க," என்றாள் நர்ஸம்மாவிடம்.

அவர் திடுக்கிட்டார். "அம்மணி, அது பீச்சட்டி எடுக்கற வேலைங்க. உங்க கொழந்தையோடது மட்டுமில்ல, எல்லாக் கொழந்தைகளோடதும். எந்தச் சாதின்னு பாக்க முடியாதுங்க. உங்க ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"எம்பொண்ணோடத எடுக்கற கைதானுங்களே. பக்கத்துக் கொழந்தையோடத எடுத்தாக் கரைஞ்சா போயிரும்?"

நான் குறுக்கிட்டேன். அரசாங்க ஊழியரின் மனைவி இன்னொரு இலாகாவில் வேலை பார்த்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று நடத்தை விதிகளில் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"எழுதிப்போடாதீங்க," என்றாள் மனைவி.

எழுதவில்லை. என் உத்தியோகத்தில் தெரிந்தே செய்த விதிமீறல் அது ஒன்றுதான். இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்வதால் என் பென்ஷனுக்கு ஆபத்து வராது என்று நம்புகிறேன்.

மறுநாள் மாலை போனேன். நீலக்கரை போட்ட ஆயாப் புடவையில் என் மனைவி கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். மகள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அவளையே பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். கயிறு நேராக இருந்தது. வேலை முடிந்ததும் பாய் பழைய இடத்துக்கே வந்துவிடும். டாக்டர் அதன்பின் செருமவில்லை.

இரண்டு மாதம் கழித்து மைத்துனர் ஊரிலிருந்து ஒப்பிட்டு, அதாவது போளி, நிறைந்த டப்பாவோடு வந்தார். மீசையும் அங்கவஸ்திரமும் உள்ள பெரிய மனிதர். வார்டு வாசலில் தங்கை எதிரே வந்தாள், கையில் மூடிய சட்டி. அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, கொஞ்சம் நவுந்து நில்லுங்க. வழியில நிக்கறீங்க," என்றாள் அவள்.

நகர்ந்தார். குழந்தையின் தலையைத் தடவினார். டப்பாவை வைத்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க மாப்ள," என்றார் கடைசியில், "நீங்க கச்சேரியில இருக்கறவரு. இதுக்கெல்லாம் ஒரு மனு எழுதிப் போடக் கூடாதுங்களா?"

"போட்டதுனாலதானுங்க மச்சான் இது," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்குத் தெம்பில்லை. ஊரில் அவர் யாரிடமும் இதைச் சொல்லவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அடுத்த தடவை வந்தபோது டப்பா பெரிதாக இருந்தது. வார்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் போதுமான ஒப்பிட்டு.

ஊருக்குப் போன ஆயா பிள்ளையைப் பெற்று, அங்கேயே இருந்துவிட்டாள். அதனால் என் மனைவியின் தற்காலிக வேலை நீண்டுகொண்டே போயிற்று. மழை போய் வெயில் வந்து மறுபடி மழை வந்தது. குழந்தை அந்தக் கண்ணாடியில்தான் எழுத்துக் கற்றாள். சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை அதில் இடம் வலமாகத் தெரியும், அப்படியே படித்தாள். "பார்வையாளர்கள் ஆறு மணிக்கு மேல் இருக்கக் கூடாது" என்பதை அவள் சரளமாக வாசித்த அன்று மணி ஆறடித்தது. நான் எழுந்து போனேன்.

சேர்ந்த பதினாலாவது மாதம் பையைக் கழற்றினார்கள். வலது கால் சூம்பியிருந்தது; அரை விரற்கடை குட்டை. டாக்டர் இடுப்பை அழுத்திப் பார்த்தார். அவள் அலறவில்லை. மூட்டு நேராகக் கூடியிருக்கிறது என்றார். இரண்டு வாரம் கட்டிலைப் பிடித்து நிற்கப் பழக்கிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போகும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு: குறைகள் அல்லது யோசனைகள் இருப்பின். என் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றபோது நர்ஸம்மா ஓரடி முன்னால் வந்தார். மனைவி என் கையையே பார்த்தாள். கட்டத்தைக் காலியாக விட்டு மூடியைத் திருகிக்கொண்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை எழுதத்தான் நினைத்தேன். அதற்குக்கூட ஏதாவது பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வாயால் சொன்னேன். நர்ஸம்மா, "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு குழந்தை ஆயாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது.

வாசலில் ஜட்கா நின்றது. மகள் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, தானே நடந்து வந்து ஏறினாள். வண்டி நகர்ந்தது. வழியில் இருந்ததையெல்லாம் கண்ணாடி இல்லாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். மில் சங்கு ஊதியபோது தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். திருப்பியதை நினைத்துப் பயந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னிக்கு நான் ஒருக்களிச்சுப் படுத்துக்கலாங்களா?"

"படுத்துக்கோ, கண்ணு."

"அதுக்கு யாரையாச்சும் கேக்கோணுங்களா?"

"யாரையும் கேக்க வேண்டாம், அம்மணி," என்றேன்.

வீடு வரும் முன்பே, அம்மாவின் மடியில் வலது கன்னத்தை வைத்து, ஒருக்களித்துத் தூங்கிவிட்டாள்.