கறுக்காத கை

தகவல் வந்தபோது காலை பத்தரை மணி. தையல் கடையில் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. அவள் ஒரு காலரை மடித்து ஊசிக்கடியில் வைத்திருந்தாள். அழைத்தவர் லிப்ட் கம்பெனி சூப்பர்வைசர். மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறிய அவள் கணவர் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தாராம்; உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அளவு டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"கால்ல இருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கும்மா," என்றார் அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்றார்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன கேக்கறீங்க? ஒரு வேளை தவறாம சாப்பிட்டவருங்க அவரு."

"நான் குத்தம் சொல்லல. மாத்திரை எடுக்கறவங்களுக்கு இப்படி வர்றது அபூர்வம். அதான்."

"அந்த அபூர்வம் என் புருஷனுக்கு வந்திருக்கு. உங்க மருந்து சரியில்லன்னு சொல்லுங்க. செத்தவர் தலையில பழியைப் போடாதீங்க."

கடையில் அவளுக்கு 'ஊமை' என்றுதான் பட்டப்பெயர். அந்த ஊமை போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரித் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அடக்கம் முடிந்ததும் இந்த டாக்டரைச் சும்மா விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். அடுத்து வந்த நாட்களில் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கோபம் ஒன்றுதான்.

அவள் கணவர் ஒரு லிப்ட் மெக்கானிக். ஒட்டடைக்குச்சி போல உயரம், அதற்கேற்ற கை. "ரெடிமேட் சட்டை எனக்கு முழங்கையோட நின்னுடும். அதனாலதான் டெய்லரைக் கட்டிக்கிட்டேன். எனக்குக் கை நீளம்," என்பார் யாரிடமும். "கை நீளம்னு வெளியில சொல்லித் திரியாதீங்க, கம்பெனியில சீட்டைக் கிழிச்சுருவாங்க," என்பாள் இவள். சீட்டாட்டம், குடி என்று ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனிதர். ஐம்பதை நெருங்கும்போது வந்து ஒட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: வில்.

லிப்ட் ஒன்றின் உள்ளே பலகை அடிக்க வந்த தச்சர் மூலமாக வந்த பழக்கம் அது. ஆளுயர வில், ஒரே மரத்தில் செதுக்கியது. குறிபார்க்கும் கருவி என்று எதுவும் கிடையாது, கண்ணும் கையும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் நாலைந்து பேர் கூடுவார்கள். முதல் அம்பு சாக்குமூட்டையில் தைத்த அன்று அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு.

கூடவே ஒரு தொல்லையும் வந்தது. விடுபட்ட நாண் ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது முன்கையின் உள்பக்கத்தில் சுளீரென்று அறைந்தது. தோல் பட்டை கட்டினால் பட்டைக்கு மேலே, முழங்கை மடிப்புக்கு அருகில் அறைந்தது. மற்றவர்களுக்கு ஒரு சிவப்புக் கோடு விழுந்து சாயங்காலத்துக்குள் மறையும். அவருக்கோ கால் வீங்கி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக்கொடுத்த பிறகு, அடிபட்ட இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்தது. அதைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "ஒண்ணு இந்த அடி நிக்கணும், இல்ல வில்லு நிக்கணும். மாத்திரை மட்டும் நிக்கக்கூடாது."

வேறொருத்தியாக இருந்தால் வில்லை அன்றைக்கே பரணில் ஏற்றியிருப்பாள். இவள் தையல்காரி. சட்டை பிடிக்கவில்லை என்றால் சட்டையைத் தூக்கியா எறிவது? எங்கே பிடிக்கவில்லை என்று பார்ப்பதுதானே தொழில். கொல்லையில் பழைய மெத்தையைச் சுவரோரம் நிறுத்தினாள். துணியில் கோடு போடும் சாக்கட்டியை நாணில் தேய்த்துவிட்டு, "விடுங்க பார்ப்போம்," என்றாள். அம்பு போனதும் சட்டைக்கையில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"துணிதான் முதல்ல மாட்டுது," என்று சட்டையின் அந்தக் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துத் தைத்தாள். அடுத்த கோடு தோலில் விழுந்தது. முழங்கை உள்ளே திரும்பி நாணின் வழியில் நிற்பதைக் கண்டு, வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

"ஸ்பேனர் பிடிக்கற மாதிரி பிடிக்கறீங்க, மெக்கானிக் சார். உள்ளங்கை முழுக்க அழுத்தினா கை நாண் பக்கம்தான் வரும். கட்டைவிரல் மேட்டுல மட்டும் தாங்குங்க."

"உத்தரவு, டெய்லரம்மா."

கோடு மெலிந்தது, போகவில்லை. கடைசியில் நாணைப் பார்த்தாள். பிடியின்மேல் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் நுனி நாணைத் தொட வேண்டும் என்று தச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார். இந்த வில்லில் விரல் நிமிரவே இடமில்லை. நாண் தொய்ந்து, வில்லோடு ஒட்டிக் கிடந்தது. கழற்றி, முறுக்கேற்றி, மறுபடி மாட்டச் சொன்னாள். முறுக்க முறுக்க நாண் குறுகி, வில்லைவிட்டு விலகி நின்றது. அதன் பிறகு அன்று கொல்லையில் எய்த அம்புகளில் ஒன்றுகூடக் கையில் சாக்கட்டித் தூள் வைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கை வெளுத்தது. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் சட்டையைச் சுருட்டி, "பாத்துக்கோ," என்று நீட்டுவார். அவளும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வாள். கடையில்கூடச் சொல்லியிருந்தாள்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள், கூடத்தில் நாற்காலிகள் இன்னும் எடுக்கப்படவில்லை. அவருடைய அக்கா மூலையில் நின்ற வில்லை முறைத்தபடி ஆரம்பித்தார்.

"என்னைக்கு இந்த வில்லு வீட்டுக்குள்ள வந்துச்சோ, அன்னைக்கே பிடிச்சது சனி. உடைச்சுப் போடு."

"எய்தவன் இருக்க அம்பை ஏன்க்கா நோவறீங்க? டாக்டரைக் கேப்போம். நாளைக்குப் புகார் குடுக்கப் போறேன், கூட வாங்க."

அந்த நேரத்தில்தான் தச்சர் வந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு அடக்கிவைத்தது பொங்கிவிட்டது.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. ஒரு தையல்காரி அவர் கையைச் சரி பண்ணிட்டேன். இத்தனை படிச்ச டாக்டரால காலைச் சரி பண்ண முடியலியா?"

தச்சர் விழித்தார். "கை எங்க அண்ணி சரியாச்சு? போன ஞாயித்துக்கிழமைகூட அறைஞ்சுதே."

"என்ன உளறறீங்க? நாணை முறுக்கிக் குடுத்தேனே."

"நீங்க முறுக்கி அனுப்புவீங்க. அங்க வந்ததும் அண்ணன் பிரிச்சு விட்டுருவாரு. நாண் தூக்கலா நின்னா அம்பு கிட்டக்கவே விழுதாம், தொய்வா இருந்தாத்தான் தள்ளுதாம். வீட்டுக்குக் கிளம்பும்போது நாணைக் கழட்டி வச்சுருவோம், உங்களுக்கு எப்படித் தெரியும்?" சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டவர்போல் தொடர்ந்தார்: "ஆனா முந்தி மாதிரி கறுக்கல அண்ணி. லேசா செவக்கும், வீட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள மறைஞ்சுரும், அவ்வளவுதான். உடம்பு பழகிருச்சுன்னு சொல்வாரு."

அவள் வில்லை எடுத்து நீட்டினாள். "நாணேத்துங்க."

தச்சர் ஏற்றினார். அவள் பிடியின்மேல் முஷ்டியை வைத்தாள். கட்டைவிரலை நிமிர்த்தப் பார்த்தாள். நாண் விரலை மடக்கியது.

அடி நிற்கவில்லை. வில்லும் நிற்கவில்லை. பிறகு எது நின்றது?

கம்பெனியிலிருந்து வந்த டூல்ஸ் பை வாசல் பக்கம் அப்படியே கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையிடத்திலேயே போட்டுக்கொள்கிறேன் என்று மாத்திரையை அவர் அந்தப் பையில்தான் வைத்திருந்தார். ஸ்பேனர்களைத் தரையில் கொட்டினாள். கிரீஸ் துணிக்கு அடியில் அட்டை அட்டையாக இருந்தது மாத்திரை. முதல் அட்டையில் சில குழிகள் காலி. மற்றவை கடையில் வாங்கியபடியே பளபளத்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மனிதர் மறைத்திருக்கிறார், மாதக்கணக்கில்.

"அடப்பாவி," என்றாள். அவரை அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

தச்சர் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார்.

"கை கறுத்தா நான் திட்டுவேன்னு, கறுக்காம இருக்க மாத்திரையை நிறுத்திருக்காரு! லிப்ட்டுல அபாய மணி அடிச்சா வயரைப் பிடுங்கிப் போடுவாரா? வேற எவனாவது அப்படிச் செஞ்சா அடிக்கப் போவாரு. தனக்கு மட்டும் பிடுங்கிப் போட்டுக்கிட்டாரு. நாலு அடி தூரம் அதிகமா அம்பு போறதுக்கு! ஞாயித்துக்கிழமை தவறாம கையை வேற நீட்டுவாரு, பாத்துக்கோ பாத்துக்கோன்னு. நானும் இளிச்சவாய் மாதிரி பாத்தேன். சண்டை போட்டிருந்தா என்ன, நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

ஒரு அட்டையைச் சுவரில் எறிந்தாள். அவருடைய அக்கா எழுந்து வந்து தோளைத் தொட்டார். அவள் தட்டிவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

வெகுநேரம் கழித்து அக்கா மெதுவாகக் கேட்டார். "நாளைக்குப் புகார் குடுக்கப் போகணும்னியே?"

"வேண்டாம். ஆளைக் கண்டுபிடிச்சாச்சு."

தச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் தயங்கினார். "அண்ணி, நாணைக் கழட்டி வச்சுட்டுப் போறேன். ஏத்தினபடியே விட்டா வில்லு அந்த வளைவுலயே நின்னுரும். அப்புறம் இழுவை இருக்காது."

"வைங்க அப்படியே."

"எங்க எல்லார்கிட்டயும் இருக்கறதுல இதுதான் நல்ல வில்லு, அண்ணி."

"வைங்கன்னேன்ல."

அவர் போய்விட்டார். மறுநாள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அவள் கடைக்குத் திரும்பினாள். வில் கூடத்து மூலையில் நிற்கிறது. நாண் இன்னும் கழற்றப்படவில்லை.