ஸ்டூப்டு என்று எழுதிய சர்ட்டிபிகேட்

உயரம் அளக்கும் மரச்சட்டம் உச்சந்தலையில் இறங்கியபோது சில்லென்று இருந்தது. அறை முழுக்க ஃபினாயில் வாடை. "நிமிரும்மா" என்றார் டாக்டரம்மா. நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

1963. எனக்குப் பதினெட்டு வயது. டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கத்தான் சின்னாளப்பட்டியிலிருந்து அம்மாவும் நானும் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறியிருந்தோம். அது இல்லையென்றால் இடம் போய்விடும். "சீட்டுப் போச்சுன்னா ஆவணியில கல்யாணம்" என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா என் முதுகைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதினார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் படித்தேன்.

ஸ்டூப்டு.

அர்த்தம் தெரியும். கூன் விழுந்த, முதுகு வளைந்த. தடியூன்றி நடக்கும் கிழவனுக்கு முன்னால் போடும் சொல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் போடலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை!

"வெளிய உக்காரு. அப்புறம் கூப்புடுறேன்."

பெஞ்சில் என்னைப் போலவே சர்ட்டிபிகேட்டுக்கு வந்த ஒருத்தி இருந்தாள். அவளிடம் சொன்னேன். பட்டென்று சொல்லிவிட்டாள், "எங்க ஊர்ல ஒரு அக்காவுக்கு இப்படித்தான் கூனு விழுந்துச்சு. முதுகெலும்புல டி.பி.ன்னாக. பெறகு அது எந்திரிக்கவேயில்ல."

எழுந்து, வாசலோரம் நின்ற அம்மாவிடம் போனேன்.

"என்னடி எழுதிருக்காக?" என்று கேட்டாள் அம்மா.

"கூனுன்னு எழுதிருக்காகம்மா..."

அந்நிய மனுஷர் யாரிடமும் அம்மா தலை தூக்கிப் பேசியவள் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

"எம்மகளுக்குக் கூனு இல்லம்மா" என்றாள், தரையைப் பார்த்தபடியே. "பொம்பளப் புள்ள குனிஞ்ச தலை நிமிராம நடக்கணும்னு நாந்தான் கொட்டிக் கொட்டி வளத்தேன். தப்பு எம்மேலதான்."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "அப்ப நீங்களே நிமிரச் சொல்லுங்க."

"நிமிருடி."

டி.பி.யைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து தலை தூக்கினால் மண்டையில் கொட்டு விழும். அதே வாய் இப்போது நிமிரச் சொல்கிறது...

கண்ணை இறுக மூடிக்கொண்டு நிமிர்ந்தேன். முதுகில் எங்கோ சொடக்கு விழுந்தது. டாக்டரம்மா விரலால் எலும்பு எலும்பாகத் தடவிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அந்த வார்த்தையை அடித்தார். திரும்ப அளந்தார். இரண்டு அங்குலம் கூடியிருந்தேன்!

தெருவுக்கு வந்ததும் அம்மா கிசுகிசுத்தாள், "போதும்டி, ஆளுக பாக்குறாக. குனிஞ்சு வா."

பஸ் ஸ்டாண்ட் வரை குனிந்துதான் வந்தேன். ட்ரெயினிங்கில் சேர்ந்த பிறகுதான் மெல்ல மெல்ல முதுகு நேரானது.

இப்போது என் பேத்தி அஞ்சடி எட்டு அங்குலம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அம்புட்டுக் கூட்டத்திலும் அவள் தலை தனியாகத் தெரியும். பார்க்க அத்தனை சந்தோஷமாக இருக்கிறது. யார் வாகு இந்த உயரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

எங்கள் அம்மா வாகாக இருக்கலாம்... தெரியவில்லை. அம்மா நிமிர்ந்து நின்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.