கூர் எந்தப் பக்கம்?

ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் வாத்தியார். வகுப்பில் பாதிப் பேர் காசிமேட்டுப் பிள்ளைகள். கடலைப் பற்றி நான் வாயைத் திறந்தால் திருத்துவதற்கென்றே பத்துக் கை எழும். ஒரு நாளாவது அவர்களுக்குத் தெரியாத கடல் பிராணியைக் காட்டி வாயடைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் வெறி.

அரியலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அது அகப்பட்டது. வறண்ட ஓடையில் விரல் நீளக் கல். ஒரு முனை தோட்டா போலக் கூர். உடைந்த பக்கத்தில் நடுப்புள்ளியிலிருந்து குடைக்கம்பி மாதிரி கோடுகள். புத்தகத்தைப் புரட்டி உறுதி செய்துகொண்டேன்: பெலம்னைட். டைனோசர் காலத்தோடு அழிந்துபோன, நம் கடம்பாவுக்கு, அதாவது கணவாய்க்கு, ஒன்றுவிட்ட உறவு. உடம்புக்குள் இருந்த கெட்டியான பாகம் மட்டும் கல்லாக மிஞ்சியிருக்கிறது.

நான்கு சாயங்காலம் உட்கார்ந்து சார்ட்டில் வண்ணப்படம் வரைந்தேன். தோட்டா முன்னால்தானே பாயும்? கூர்முனையைத் தலைப்பக்கம் வைத்தேன்.

திங்கட்கிழமை பாடம். ஞாயிறு காலை மார்க்கெட்டில், வழக்கமாக எனக்கு மீன் வெட்டித் தரும் அக்காவிடம் கல்லை நீட்டினேன். பெருமை சும்மா இருக்க விடவில்லை.

“இன்னா சார், பல்பமா?”

விளக்கிச் சொல்லி, செல்போனில் என் படத்தையும் காட்டினேன். அக்காவின் கத்தி நின்றது.

“தலையாண்டயா கூரு?”

கூடையிலிருந்து ஒரு கடம்பாவை எடுத்துக் கீறி, உள்ளேயிருந்த வெள்ளை ஓட்டை உருவினாள். அதன் ஒரு கோடியில் சின்ன முள்.

“இது வாலாண்ட கீது பாரு. இத்தினி வருசமா என் வெரலக் குத்திகினு கீது, எனக்குத் தெரியாதா? பயந்தா இது பின்னாலதான் சார் பாயும்!” பக்கத்துப் பலகைப் பெண்களைக் கூப்பிட்டாள். “ஏய், சாரு கடம்பாவத் திருப்பி வெச்சிட்டாருடி!”

வரிசையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து புத்தகத்தை ஒழுங்காகப் படித்தால், அக்கா சொன்னதேதான் அச்சடித்திருக்கிறது. அந்த முள்ளும் இந்தக் கல்லும் ஒரே வம்சம். இரண்டுக்கும் இடம் வால்தான். சார்ட்டின் பின்பக்கத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து சரியாக வரைந்தேன். நல்லவேளை, பிள்ளைகளிடம் மாட்டவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் சார்ட்டைப் பிரிக்கும் முன்பே கல்லைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன்.

“இதோட கூர் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?”

“வாலாண்ட சார்!” என்றது மொத்த வகுப்பும்.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “எங்கம்மாவும் அந்த மார்க்கெட்லதான் சார் மீன் வெட்றாங்க. நீங்க மொதல்ல வரைஞ்சத காட்டுங்க சார்.”

வேறு வழியில்லாமல் சார்ட்டைத் திருப்பினேன். அன்று என்னைத் திருத்த ஒரு கைகூட எழவில்லை. எல்லாக் கைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.