நூறும் ஏழரையும்

எங்கள் நைனாவுக்கு யாராவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்துவிட்டால் போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. திருத்தணி மலையில் முன்பின் தெரியாதவர் ஒருவர் கையில் பஞ்சாமிர்தம் வைத்தால்கூட, எந்த ஊர், என்ன வேண்டுதல் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அப்படிப்பட்டவருக்கு அவருடைய அண்ணனே, அதாவது என் பெரியப்பாவே, கிணற்றுத் தண்ணீரைக் கூடுதலாகக் கொடுக்க வந்தால் கேட்க வேண்டுமா?

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். பாகம் பிரித்தபோது கிணற்றை ஒட்டியிருந்த கழனி பெரியப்பாவுக்கும், கோடியிலிருந்த கழனி எங்களுக்கும் விழுந்தது. கிணறு மட்டும் பொது. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. பிரிந்த நாளிலிருந்து அண்ணன் கையால் எதையும் வாங்குவதில்லை என்று நைனா வைராக்கியமாக இருந்தார். பேச்சு உண்டு. அதுவும் தண்ணீரைப் பற்றித்தான்.

நான் எட்டாவது படித்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம். கிணற்றில் ஊற்று இருந்தது என்னவோ வாஸ்தவம்தான், ஆனால் மண் வாய்க்காலில் எங்கள் கழனிவரை வருவதற்குள் பாதியைத் தரையே குடித்துவிடும். கடைசி மடைக்கு எட்டவே எட்டாது. அந்த நெல்தான் வருஷம் முழுக்க எங்களுக்குச் சோறு. அம்மா தினமும் போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்து, யாரிடமும் பேசாமல் அடுப்பை ஊதுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா வந்தார். தன்னுடைய புது கரண்ட் மோட்டார் வேகமாக இறைக்கிறது, எங்கள் ஆயில் இன்ஜின் பம்பு மெதுவாக இறைக்கிறது, தண்ணீர் இரண்டு பேருக்கும் சமமாகப் போக வேண்டுமென்றால் தன் முறையிலும் மத்தியானத்துக்கு மேல் நாங்கள் இன்ஜினைப் போட்டுக்கொள்வதுதான் நியாயம் என்றார். நியாயம் என்று சொல்லிவிட்டதால் நைனாவால் மறுக்க முடியவில்லை. போட்டார். கடைசி மடையும் நனைந்தது. அம்மா பழையபடி வாய் திறந்து பேச ஆரம்பித்தாள். நைனாதான் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவர் மண்டைக்குள் என்னென்னவோ ஓடியது. கழனி நடுவே வண்டிப்பாதை கேட்கப்போகிறானா? வரப்போரத்து வேப்பமரத்தின்மேல் கண் வைத்திருக்கிறானா? "தண்ணி குடுத்தா பாச்சிக்க வேண்டியதுதான, இதுல இன்னா ஆராய்ச்சி?" என்று அம்மா கேட்டதற்கு, உனக்கு எங்க அண்ணனைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு முறை முறைத்தார். ஒன்றாகவே பிறந்து வளர்ந்த தனக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் பெரியப்பா இல்லாத நேரமாகப் பார்த்து என்னைப் பம்புசெட்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டு பம்பிலும் ஒரு தகடு பதித்திருக்கும். இங்கிலீஷ் எழுத்து நைனாவுக்குத் தெரியாது, எண் தெரியும். எங்கள் தகட்டில் நூறு, பெரியப்பா தகட்டில் ஏழரை.

"பாத்தியா? நம்முது நூறு, அவனுது ஏழரை. ஏழரை வச்சிகினு இருக்கிறவன் நூறு வச்சிகினு இருக்கிறவனுக்குத் தண்ணி வுடுறானாம். நாளைக்கே பஞ்சாயத்துல நின்னு, என் தம்பி நூறா இறைச்சிக் கிணத்தையே காலி பண்ணிட்டான்னு சொல்லப்போறான்."

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்களுடையது நிமிஷத்துக்கு நூறு கேலன். பெரியப்பாவுடையது வினாடிக்கு ஏழரை லிட்டர். ஒரு கேலன் ஏறக்குறைய நாலரை லிட்டர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கரித்துண்டை எடுத்துச் சுவரிலேயே பெருக்கினேன். நானூற்றைம்பது வந்தது. நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். நூறே ஆகாது என்றால் நானூற்றைம்பதா?

அவசரப்படாதீங்க நைனா, இது நிமிஷத்துக்கு, அது வினாடிக்கு என்று அதட்டிவிட்டு அறுபதால் வகுத்தேன். ஏழரை! கொஞ்சம்கூடப் பிசகாமல் அதே ஏழரை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நைனா தகட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. சந்தேகம் பலித்துவிட்ட நிம்மதி.

அதற்குள் பெரியப்பாவே வந்துவிட்டார். ரெண்டு பம்பும் ஒரே அளவாமே, மெதுவா இறைக்குதுன்னு எதுக்குச் சொன்னே என்று நைனா மடக்கினார். பெரியப்பா சுவரிலிருந்த கணக்கை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆங், கரெக்டுதாம்மா. மோட்டாரு வாங்கும்போதே நானும் போட்டுப் பாத்தேன்."

அவ்வளவுதான். இனிமேல் உன் முறை உனக்கு, என் முறை எனக்கு என்று நைனா அடித்துச் சொன்னதற்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். வீட்டில் நைனா என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார். அம்மா மட்டும் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். கணக்கு தெரியாதவளுக்கு இந்தப் பெருமை எங்கே புரியப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அறுப்பு முடிந்து களத்தில் தூற்றும்போது கோடிக் கழனி நெல் பாதிக்குமேல் பதராகக் காற்றோடு போயிற்று. நைனா பள்ளிப்பட்டு விதைக்காரன்மேல் சந்தேகப்பட்டார். நான் பெரியப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். திருத்தணி பஸ்ஸில் என்னைப் பார்த்தால், ஸ்கூலுக்காம்மா என்று கேட்டு நகர்ந்து இடம் கொடுப்பார். நான் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவேன். கணக்கு தெரிந்திருந்தும் பொய் சொன்ன மனிதர் என்று அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அந்தப் பொய்யில்தான் எங்கள் கடைசி மடை நனைந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.